ஒரே கடிகாரத்தில் எட்டு மைக்குகள்: குறைந்த செலவில் மைக் அணிக்குக் கருவி வாங்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு மணி நேரப் பதிவின் தொடக்கத்தில் ஒருமுறை கைதட்டினேன், முடிவில் இன்னொருமுறை. எட்டு யூ.எஸ்.பி. மைக்குகள், ஒரு ஹப், ஒரு மடிக்கணினி. முதல் கைதட்டல் எட்டு சேனல்களிலும் ஏறத்தாழ ஒரே இடத்தில் விழுந்திருந்தது. கடைசிக் கைதட்டலைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோது, முதல் மைக்குக்கும் ஆறாவது மைக்குக்கும் இடையே பத்தில் ஒரு நொடி விலகல். மைக்குகள் நின்றதோ ஒரு சாப்பாட்டுத் தட்டின் அளவுள்ள வட்டத்தில். அந்தத் தட்டைக் கடக்க ஒலிக்கு ஆயிரத்தில் ஒரு நொடிகூட ஆகாது. பேச்சு எந்தத் திசையிலிருந்து வந்தது என்று அந்தப் பதிவிலிருந்து கணக்கிட வழியே இல்லை. பல மாதச் சேமிப்பில் வாங்கிய மைக்குகள் அவை.

கையில் காசு குறைவாக இருப்பவருக்குத்தான் முதல் தடவையே சரியாக வாங்கவேண்டிய கட்டாயம் இருக்கிறது. மைக் அணி என்பது அளந்த இடைவெளிகளில் நிறுத்திய பல மைக்குகள். ஒரே ஒலி ஒவ்வொன்றையும் எட்டும் நேரத்தில் உள்ள சிறு வேறுபாட்டைக் கொண்டு, ஒலி வரும் திசையைக் கண்டுபிடிக்கலாம். ஒரு திசையை மட்டும் கூர்ந்து கேட்கவும் செய்யலாம். எல்லாமே அந்தச் சிறு நேர வேறுபாட்டில் அடங்கியிருக்கிறது. அதைக் கெடுக்காத கருவி எது என்ற ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு கீழே உள்ள படிகளில் இறங்குங்கள்.

முதல் படி: எதைக் கேட்கப் போகிறீர்கள்?

கடைக்குப் போகும் முன் ஒரு தாளில் மூன்றை எழுதுங்கள்: கேட்க வேண்டிய ஒலி, அதன் அதிர்வெண், அது இருக்கும் தூரம். மைக்குகளின் இடைவெளியை இவைதான் தீர்மானிக்கும்.

அடுத்தடுத்த இரண்டு மைக்குகளுக்கு இடையிலான தூரம், நீங்கள் கேட்கும் மிக உயர்ந்த அதிர்வெண்ணின் அலைநீளத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. தாண்டினால், ஒரு திசையிலிருந்து வரும் ஒலி வேறொரு திசையிலிருந்தும் வருவதுபோலக் கணக்கில் தோன்றும். 4 கிலோஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 86 மில்லிமீட்டர். ஆகவே இடைவெளி 43 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். 8 கிலோஹெர்ட்ஸுக்கு அது 21 மில்லிமீட்டராகக் குறைந்துவிடும். அதே நேரத்தில், தாழ்ந்த அதிர்வெண்களில் திசையைக் கூர்மையாகப் பிரிக்க அணியின் மொத்த அகலம் பெரிதாக இருக்க வேண்டும். நெருக்கமும் வேண்டும், அகலமும் வேண்டும் என்பதால்தான் மைக்குகளின் எண்ணிக்கை கூடுகிறது.

அறையில் பேசுபவர்களைப் பதிவு செய்வதை எடுத்துக்கொள்வோம். ஏ.எம்.ஐ. என்ற புகழ்பெற்ற கூட்டப் பதிவுத் தொகுப்புக்கு, மேசை நடுவில் 10 சென்டிமீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் எட்டு மைக்குகளை வைத்தார்கள். அடுத்தடுத்த மைக்குகளுக்கு இடையே 7.6 சென்டிமீட்டர் வருகிறது. அரை அலைநீள விதி சுமார் 2.2 கிலோஹெர்ட்ஸ் வரையே பொருந்துகிறது. ஆனாலும் பேச்சாய்வுக்கு அது பல ஆண்டுகளாகப் பயன்படுகிறது. பேச்சு ஒரே அதிர்வெண்ணில் நிற்பதில்லை. பல அதிர்வெண்களைச் சேர்த்துப் பார்க்கும்போது உண்மையான திசை மட்டும் எல்லாவற்றிலும் ஒத்துப்போகும், பொய்த் திசைகள் அதிர்வெண்ணுக்கு அதிர்வெண் இடம் மாறும். ஒற்றைச் சுருதியில் கூவும் இயந்திரத்தைத் தேடுபவருக்கு இந்தச் சலுகை கிடையாது. அவர் விதியைக் கறாராகக் கடைப்பிடிக்க வேண்டும்.

என் பரிந்துரை: திசை கண்டுபிடிப்பதைக் கற்றுக்கொள்ள 4, அறைப் பேச்சுக்கு 8, ஒலியைப் படமாக்க 16 மைக்குகள். முதல் முயற்சியிலேயே 32-க்குப் போகாதீர்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1,020 மைக்குகள் கொண்ட அணியைக் கட்டியிருக்கிறார்கள் என்பது உண்மைதான். உங்கள் கேள்விக்கு நான்கு போதும் என்றால் அந்த நான்கிலேயே தொடங்குங்கள்.

இரண்டாம் படி: கடிகாரம் எத்தனை என்று எண்ணுங்கள்

தொடக்கத்தில் சொன்ன என் பதிவு பாழானது ஏன்? ஒலியை எண்களாக மாற்றும் ஒவ்வொரு கருவிக்குள்ளும் ஒரு படிகக் கடிகாரம் இருக்கிறது. நொடிக்கு 48,000 மாதிரிகள் (ஒலியின் அளவை ஒருமுறை குறிப்பது ஒரு மாதிரி), அதாவது 48 கிலோஹெர்ட்ஸ், என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்தாலும், இந்தப் படிகங்கள் பத்து லட்சத்தில் சில பத்துப் பங்குகள் முன்பின்னாக ஓடும். இரண்டு மைக்குகளுக்கு இடையே பத்து லட்சத்தில் 30 பங்கு வேறுபாடு இருந்தால், ஒரு மணி நேரத்தில் 108 மில்லிநொடி விலகல் சேர்ந்துவிடும். அந்த நேரத்தில் ஒலி 37 மீட்டர் போய்விடும். 20 சென்டிமீட்டர் அகலமுள்ள அணியில் நாம் அளக்க விரும்பும் மிகப்பெரிய வேறுபாடோ 0.58 மில்லிநொடி, அதாவது 48 கிலோஹெர்ட்ஸில் வெறும் 28 மாதிரிகள்.

பெரிய ஆய்வுக் குழுக்களையும் இந்தச் சிக்கல் விட்டுவைக்கவில்லை. 2018-இல் வெளியான சைம்-5 என்ற பேச்சறி (பேச்சைக் கணினி எழுத்தாக மாற்றும்) போட்டிக்காக, உண்மையான வீடுகளில் நடந்த 20 விருந்துகளை, ஒவ்வொரு வீட்டிலும் ஆறு கினெக்ட் (விளையாட்டுக் கேமரா) கருவிகளை வைத்துப் பதிவு செய்தார்கள். ஒவ்வொரு கினெக்ட்டிலும் நான்கு மைக்குகள். ஒரு கருவிக்குள் இருந்த நான்கும் தமக்குள் ஒத்துப்போயின. கருவிக்குக் கருவி கடிகாரம் விலகியது, இடையிடையே சில துண்டுகள் தவறியும் போயின. அடுத்து 2020-இல் வந்த சைம்-6 போட்டிக்கு அதே பதிவுகளை மறுபடி நேரம் பொருத்தித் தந்தார்கள். தேர்ந்த ஆய்வாளர்கள் தனி வேலையாக எடுத்துச் செய்ததை, முதல் அணி கட்டும் மாணவர் சாதாரணமாகச் செய்துவிட முடியாது.

ஆகவே, எந்தக் கருவியைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டியது: எல்லா சேனல்களும் ஒரே கடிகாரத்தில் மாதிரி எடுக்கப்படுகின்றனவா? ஒரே பெட்டிக்குள் எட்டு உள்ளீடுகள் இருந்தால் ஆம். தனித்தனி யூ.எஸ்.பி. மைக்குகள், தனித்தனி சிறிய ரெக்கார்டர்கள், பல கைபேசிகள் என்றால் இல்லை. பல கருவிகளை ஒன்றாகக் காட்டும் வசதி மேக் கணினியில் உண்டு. விலகலைத் திருத்தும் தெரிவும் அதில் இருக்கிறது. பாடல் பதிவுக்கு அது நல்ல உதவி. ஆனால் மாதிரிகளை நீட்டியும் சுருக்கியும் ஒட்டவைக்கும் அந்த முறையை மைக் அணிக்கு நம்பி இறங்க வேண்டாம்.

இரண்டு பெட்டிகளை ஒரே கடிகாரத்தில் ஓட்ட மலிவான வழி ஒன்று இருக்கிறது: ஏடாட் என்ற ஒளியிழை இணைப்பு. ஒரு மெல்லிய கேபிளில் 48 கிலோஹெர்ட்ஸில் எட்டு சேனல்கள் போகும். 96 கிலோஹெர்ட்ஸில் நான்குதான். எட்டு மைக் உள்ளீடுகள் கொண்ட பெரிங்கர் யூ.எம்.சி.1820 இன்டர்ஃபேஸோடு (மைக் ஒலியை எண்ணாக்கிக் கணினிக்குத் தரும் பெட்டி) ஏ.டி.ஏ.8200 என்ற கூடுதல் பெட்டியை இப்படி இணைத்தால் 16 மைக்குகள் கிடைக்கும். இங்கே பலர் ஒரு கேபிளை மட்டும் போட்டுவிட்டு, பதிவில் விட்டுவிட்டு ‘டிக் டிக்’ என்று கேட்கிறதே எனத் தவிக்கிறார்கள். இரண்டு கேபிள்கள் போடுங்கள். ஒன்று கூடுதல் பெட்டியிலிருந்து இன்டர்ஃபேஸுக்கு ஒலியைக் கொண்டுபோகும். மற்றொன்று இன்டர்ஃபேஸிலிருந்து கூடுதல் பெட்டிக்குக் கடிகாரத்தைக் கொண்டுவரும். ஏ.டி.ஏ.8200-இன் பின்புறமுள்ள ஒத்திசைவுத் தெரிவை ஏடாட் உள்ளீட்டைப் பின்பற்றுமாறு திருப்புங்கள். இல்லையென்றால் அது தன் கடிகாரத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

மூன்றாம் படி: மூன்று வழிகளில் ஒன்றைப் பிடியுங்கள்

முதல் வழி, மைக்குகள் பொருத்தியே வரும் பலகை. வடிவம் மாற்ற முடியாது. ஆனால் இடைவெளி துல்லியம், கேபிள் தொல்லை இல்லை, கடிகாரம் ஒன்றே. மிகக் குறைந்த செலவில் கற்க விரும்புகிறவருக்கு, 2007-இல் வந்த பிளேஸ்டேஷன் ஐ என்ற பழைய விளையாட்டுக் கேமராவைச் சொல்வேன். அதில் நேர்கோட்டில் நான்கு மைக்குகள் உண்டு. லினக்ஸ் கணினியில் செருகினால் 16 கிலோஹெர்ட்ஸில் நான்கு சேனல்களாகத் தெரியும். பழைய பொருள் விற்கும் இடங்களில் தேடிப் பாருங்கள். அடுத்த நிலையில் சீட் ஸ்டூடியோவின் ரீஸ்பீக்கர் வகைகள். நான்கு மைக் யூ.எஸ்.பி. பலகையின் இரண்டாம் பதிப்பு 16 கிலோஹெர்ட்ஸ்தான் தரும். பேச்சுக்கு அது போதும். ஆறு சேனல் ஃபர்ம்வேர் (பலகைக்குள் ஓடும் நிரல்) ஏற்றினால் முதல் சேனலில் மெருகேற்றிய ஒலியும், அடுத்த நான்கில் மைக்குகளின் கச்சா ஒலியும் வரும். நமக்கு வேண்டியது அந்தக் கச்சா ஒலி. இரைச்சல் நீக்கமும் தானியங்கி ஒலியளவுச் சரிசெய்தலும் சேனல்களுக்கு இடையிலான உறவைச் சிதைத்துவிடும். ஆகவே எந்தப் பலகை வாங்கினாலும், ஒவ்வொரு மைக்கின் கச்சா ஒலியையும் தனியாகத் தருமா என்று வாங்கும் முன்பே உறுதி செய்யுங்கள்.

மினிடிஎஸ்பி நிறுவனத்தின் யூ.எம்.ஏ.-8 பலகையில் ஏழு மைக்குகள்: சுற்றிலும் ஆறு, நடுவில் ஒன்று. அதே நிறுவனத்தின் யூ.எம்.ஏ.-16 பலகையில் நான்குக்கு நான்காக 16 மைக்குகள், 42 மில்லிமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன. நடுவே கேமரா வைக்கத் துளையும் உண்டு. ஒலியைப் படத்தின்மேல் வண்ணமாகக் காட்ட விரும்புகிறவருக்கு இதைவிட நேரான வழி எனக்குத் தெரியாது. முன்பு சொன்ன விதிப்படி அதன் எல்லை ஏறத்தாழ 4 கிலோஹெர்ட்ஸ். பறவையின் கீச்சொலியைத் தேட அதை வாங்கிவிட்டு ஏமாற வேண்டாம்.

ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியின் மேல் செருகும் பலகைகளில் ஒரு கண் வையுங்கள். அவற்றுக்குத் தனி டிரைவர் (கருவியை இயக்கும் நிரல்) வேண்டியிருக்கும். கணினியின் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) புதுப்பிக்கப்பட்டால் அது வேலை செய்யாமல் போகலாம். இயங்கும் நிலையில் உள்ள மெமரி கார்டை அப்படியே படியெடுத்துப் பத்திரப்படுத்துங்கள்.

இரண்டாம் வழி, எட்டு மைக் உள்ளீடுகள் கொண்ட இன்டர்ஃபேஸும் தனி மைக்குகளும். செலவு கூடும், வடிவம் உங்கள் கையில். இன்று வட்டம், நாளை நேர்கோடு, அடுத்த வாரம் அறையின் நான்கு மூலைகள். ஆய்வு எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியாதவர்களுக்கு நான் சொல்வது இந்த வழியைத்தான். எட்டு எக்ஸ்.எல்.ஆர். (மூன்று முனை மைக்) கேபிள்கள், எட்டுப் பிடிப்பான்கள், ஒரு சட்டம் ஆகியவற்றையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு பணத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். இவற்றை மறந்துவிட்டுப் பாதியில் நின்ற மாணவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இங்கே பலர் கவனிக்காத ஒரு கருவி உண்டு: மேடைக் கச்சேரிக்கான டிஜிட்டல் மிக்ஸர். பெரிங்கர் எக்ஸ்.ஆர்.18 மிக்ஸரில் 16 மைக் ப்ரீஆம்ப்கள் (மைக்கின் மெல்லிய சைகையைப் பெருக்கும் பகுதிகள்). 18 சேனல்கள் யூ.எஸ்.பி. வழியாகக் கணினிக்கு வரும். பெரிய எக்ஸ்32 என்றால் 32 சேனல்கள். நம் ஊர்களில் திருமணத்துக்கும் திருவிழாவுக்கும் ஒலி அமைப்பவர்களிடம் இப்படிப்பட்ட மிக்ஸர்கள் இருக்கின்றன. பழையதாக விலைக்குக் கிடைக்கலாம். பதிவு ஒரு நாள் வேலை என்றால் வாடகைக்கே கேட்கலாம். ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: ஈக்வலைசர், கம்ப்ரஸர் போன்ற ஒலியை மாற்றும் வசதி எதுவும் வேண்டாம், ப்ரீஆம்பை விட்டு வெளிவந்த ஒலி அப்படியே யூ.எஸ்.பி.க்குப் போக வேண்டும்.

மின்சாரம் இல்லாத வெளியிடத்தில் பதிவென்றால், ஆறு உள்ளீடுகள் கொண்ட ஜூம் எஃப்6 அல்லது எட்டு கொண்ட எஃப்8என் ப்ரோ போன்ற பேட்டரி ரெக்கார்டரைப் பாருங்கள். இவை 32 பிட் மிதவைப்புள்ளி (ஃப்ளோட்) முறையில், அதாவது மிகப் பெரிய ஒலியளவு வீச்சில், பதிவு செய்வதால், எதிர்பாராத உரத்த ஒலியில் பதிவு நசுங்கும் அச்சம் பெரும்பாலும் இல்லை.

மூன்றாம் வழி, சொந்தமாகக் கட்டுவது. ஐ.என்.எம்.பி.441 போன்ற மெம்ஸ் (சில்லு வடிவ) மைக்குகள் மிக மலிவு. எண்ணாகவே வெளிவருவதால் ப்ரீஆம்ப் தேவையில்லை. ஒரு தரவுக் கம்பியில் இரண்டு மைக்குகள் சேரும். ஈ.எஸ்.பி.32 என்ற சிறு கணினிச் சில்லில் இத்தகைய இணைப்புகள் இரண்டு இருப்பதால் நான்கு மைக்குகள் வரை எளிது. எட்டுக்கு டீன்சி 4.1 என்ற சிறு கணினிப் பலகை பொருத்தம். ஆனால் அதன் வழக்கமான யூ.எஸ்.பி. ஆடியோ இரண்டு சேனல்களே என்பதால், எஸ்.டி. கார்டில் எழுதும் நிரலுக்கு நேரம் ஒதுக்க வேண்டும். ஐ.சி.எஸ்.-52000 மைக்குகளை 16 வரை ஒரே கம்பியில் சங்கிலியாகக் கோக்கலாம். இந்த வழி பணத்தை மிச்சமாக்கி நேரத்தைக் கேட்கும். கம்பிகள் ஒரு சாணைத் தாண்டினால் கடிகாரச் சைகை தடுமாறத் தொடங்கும். அப்புறம் வாரக்கணக்கில் சாலிடர் இரும்போடுதான் இருப்பீர்கள். கருவி கட்டுவதே உங்கள் ஆசை என்றால் முழு மனதோடு இறங்குங்கள். பதிவுதான் நோக்கம் என்றால் முதலிரண்டு வழிகளில் நில்லுங்கள்.

நான்காம் படி: கெயின் திருகிகள்

எட்டு சேனல்களின் கெயினும் (ஒலியைப் பெருக்கும் அளவும்) ஒன்றாக இருக்க வேண்டும். மலிவான இன்டர்ஃபேஸ்களில் அது கையால் திருப்பும் குமிழ். கண்ணுக்கு ஒரே இடத்தில் தெரிந்தாலும் ஒலியளவில் இரண்டு மூன்று டெசிபெல் மாறியிருக்கும். ஒரு எளிய சூழ்ச்சி: அளவு போதுமானால் எல்லாக் குமிழ்களையும் முற்றிலும் இடப்பக்கம் திருப்பி அந்த முனையிலேயே விடுங்கள். முனைகள் மட்டுமே ஒன்றுபோல இருக்கும். நடுவில் வைத்தே ஆகவேண்டும் என்றால், ஒரே சுருதியை எட்டிலும் கொடுத்து அளவைச் சமன் செய்து, குமிழ்களின்மேல் டேப் ஒட்டிவிடுங்கள். டிஜிட்டல் மிக்ஸரில் எண்ணாகவே கெயின் கொடுத்துச் சேமிக்கலாம் என்பது அதை நான் விரும்பக் கூடுதல் காரணம்.

ஐந்தாம் படி: மைக்குகள்

எல்லாத் திசையிலும் ஒரேபோல் கேட்கும் ஓம்னி வகையை வாங்குங்கள். பாடகர் கையில் பிடிக்கும் கார்டியாய்ட் வகை, திசைக்கும் தூரத்துக்கும் ஏற்பத் தன் குணத்தை மாற்றிக்கொள்ளும்; கணக்கு சிக்கலாகும். பெரிங்கர் இ.சி.எம்.8000 போன்ற மலிவான அளவீட்டு மைக்குகள் ஃபான்டம் பவரில் (மைக் கேபிள் வழியாகவே போகும் மின்சாரத்தில்) ஓடும் ஓம்னி வகை. உரத்த ஒலிக்கு நன்று. அமைதியான அறையில் அவற்றின் உள் இரைச்சல் தெரியும். இரைச்சல் குறைவாக வேண்டுமானால் ப்ரைமோ இ.எம்.272 போன்ற எலெக்ட்ரெட் கேப்ஸ்யூல்களை (மைக்கின் ஒலி வாங்கும் சிறு பகுதி) தனியாக வாங்கிக் கம்பி இணைக்கலாம்.

விலையுயர்ந்த இரண்டு மைக்குகளைவிட ஒரே வகை, ஒரே நாள், ஒரே கடையில் வாங்கிய எட்டு எளிய மைக்குகள் அணிக்கு உதவும். முடிந்தால் ஒன்பதாக வாங்குங்கள். ஒன்று பழுதானால், அதே வகை பிறகு கிடைக்கும் என்ற உறுதி இல்லை.

ஆறாம் படி: கணினி, கோப்பு, சட்டம்

எட்டு சேனல்கள், 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 1.15 மெகாபைட். யூ.எஸ்.பி. 2.0-க்கு இது எளிய சுமை. ஆனால் வழக்கமான வேவ் கோப்பு 4 ஜிகாபைட்டைத் தாண்டாது. எட்டு சேனல்களில் 62 நிமிடங்களில் அந்த எல்லை வந்துவிடும், 16 சேனல்களில் 31 நிமிடங்களில். நீண்ட பதிவுக்கு ஆர்.எஃப்.64 வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள், அல்லது அரை மணிக்கு ஒரு கோப்பாகப் பிரிக்கச் சொல்லுங்கள். கருவியை ஹப் வழியாக இணைக்காமல் கணினியிலேயே நேராகச் செருகுங்கள். மடிக்கணினியின் சார்ஜர் இரைச்சலைக் கொண்டுவந்தால் பேட்டரியில் ஓட்டுங்கள்.

மைக்குகளைப் பிடிக்கும் சட்டத்துக்கு ஒட்டுப்பலகையே போதும், வளையாமல் இருந்தால் சரி. ஒவ்வொரு மைக்கின் வாயும் இருக்கும் இடத்தை மில்லிமீட்டர் அளவில் அளந்து எழுதுங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு மாதிரிக்குள் ஒலி 7 மில்லிமீட்டர் நகர்கிறது. ஒரு சென்டிமீட்டர் பிழை ஒரு மாதிரிக்கும் மேலான பிழை. வெப்பநிலையையும் குறியுங்கள். பாடநூல்கள் தரும் நொடிக்கு 343 மீட்டர் என்பது 20 டிகிரிக்கு உரியது. நம் கோடையில் 35 டிகிரி அறையில் அது 352.

ஏழாம் படி: பொருள் வந்த அன்றே சோதியுங்கள்

திருப்பிக் கொடுக்கும் காலம் முடிவதற்குள் மூன்று சோதனைகள் செய்ய வேண்டும். முதலில், ஒவ்வொரு மைக்கையும் வரிசையாக நகத்தால் மெல்லத் தட்டி, எந்த மைக் எந்த சேனலில் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பலகைகளில் அச்சிட்ட எண்ணும் சேனல் எண்ணும் எப்போதும் ஒத்துப்போவதில்லை.

இரண்டாவதாக, கைபேசியிலிருந்து ஒரே ஒலியைப் பிரித்து எல்லா உள்ளீடுகளுக்கும் கம்பி வழியாகக் கொடுங்கள். அதற்கு முன் ஃபான்டம் பவரை அணைத்துவிடுங்கள். ஒரே பெட்டிக்குள் சேனல்கள் மாதிரி பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். ஏடாட் வழியாக வருபவை சில மாதிரிகள் பின்தங்கலாம். அந்த எண்ணிக்கை மாறாமல் இருந்தால் கணக்கில் கழித்துவிடலாம். மின்சாரத்தை அணைத்துப் போட்டு மறுபடி அளந்து பாருங்கள்.

மூன்றாவது, கைதட்டல். மைக் அணியையும் கைபேசி ரெக்கார்டரையும் ஒன்றாக ஓடவிட்டு, தொடக்கத்தில் ஒருமுறையும் ஒரு மணி நேரம் கழித்து அதே இடத்தில் நின்று இன்னொருமுறையும் தட்டுங்கள். சேனல்களுக்கு இடையிலான நேர வேறுபாடு இரண்டு தட்டல்களிலும் ஒன்றாக இருந்தால் கடிகாரம் ஒன்றுதான். அடுத்து, இரண்டு தட்டல்களுக்கு இடைப்பட்ட காலத்தை அணியின் பதிவிலும் கைபேசியின் பதிவிலும் அளந்து ஒப்பிடுங்கள். இருவேறு கடிகாரங்கள் என்பதால் கால் நொடி அளவுக்கு வேறுபாடு வரலாம். அணியின் பதிவு அதற்கும் மேலாகக் குறுகியிருந்தால் வழியில் மாதிரிகள் தவறியிருக்கின்றன. வேறொரு யூ.எஸ்.பி. துளையிலும் வேறொரு கணினியிலும் இதே சோதனையைச் செய்யுங்கள். அங்கும் குறைந்தால், ரசீதோடு பெட்டியைக் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள்.